இருளில் ஒளிர்ந்த மூலகமும் இலங்கையின் கறுப்புக் கல்லும்



கதிர்த்தொழிற்பாடு பற்றிய பாடத்தைப் படிக்கும்போது உங்களிற் பலர் மூன்று வரிகளை மனனம் செய்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள். இரேடியத்தைக் கண்டுபிடித்தவர்கள் மேரி கியூரியும் பியரே கியூரியும். ஆண்டு 1898. அரைவாழ்வுக்காலம் சுமார் 1600 வருடங்கள். மூன்றும் சரியானவையே. ஒரு புள்ளி வினாவுக்கு இவை போதும். ஆனால், “கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகமொன்றின் பயனையும் தீங்கையும் உதாரணத்துடன் விளக்குக” என்று நான்கு புள்ளிக்குக் கேட்டால் பேனை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ‘பயன்: மருத்துவம். தீங்கு: புற்றுநோய்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஏன், எப்படி என்பது அந்த விடையில் இல்லை. அவை இரண்டும் ஒரு கதைக்குள் இருக்கின்றன. அக்கதையின் ஒரு முனை பாரிசில் இருக்கிறது. மற்றொரு முனை நமது நாட்டிலேயே இருக்கிறது.

நான் ஒரு கலைப் பட்டதாரி. வகுப்பில் நான் கற்பிப்பது தமிழும் வரலாறும். விஞ்ஞானப் பகுதியில் உங்களுக்கு என்ன வேலை, டீச்சர் என்று கேட்பீர்கள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி வகுப்பில் குறிப்புக் கொடுக்கப் போய்த்தான் நான் இரேடியத்தில் வந்து விழுந்தேன். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய கடிகாரம்

சென்ற தவணையில் கண்டியில் எனது வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தாள். முகம் மஞ்சளேறி, இலக்கங்கள் தவிட்டு நிறமாகி, கண்ணாடியில் ஒரு கீறலுடன் இருந்தது. 1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இயங்கியது என்று நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். அக்காலத்தில் ஒரு படைவீரரிடமிருந்து அவளது பூட்டனார் வாங்கிய கடிகாரமாம் அது.

“டீச்சர், தாத்தா சின்ன வயசுல இருக்கும்போது இது இருட்டுல பச்சையா தெரியுமாம். இப்ப ஒன்னுமே தெரியல. அப்ப ரேடியம் முடிஞ்சிருச்சுதானே?” என்று கேட்டாள்.

வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் ‘ஆம், முடிந்துவிட்டது’ என்றே சொன்னார்கள். நீங்களும் இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, உங்கள் விடையைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கட்டுரையின் முடிவில் அதை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உலகம் ஏன் மயங்கியது?

1898 டிசம்பரில் இரேடியம் என்னும் புதிய மூலகம் இருப்பதாகக் கியூரி தம்பதியினர் அறிவித்தபோது, அவர்கள் கையில் இரேடியம் என்று காட்டுவதற்குத் தூய பொருள் எதுவும் இருக்கவில்லை. பிச்பிளெண்ட் என்னும் யுரேனியக் கனியத்தின் கழிவைத் தொன் கணக்கில் கொதிக்க வைத்து, வடித்து, பளிங்காக்கி, 1902இல் மேரி கியூரி பெற்றுக்கொண்டது ஒரு கிராமின் பத்திலொரு பங்கு இரேடியம் குளோரைட்டு மட்டுமே. இங்கே ஒரு விடயத்தைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். கனியத்தைப் பகுத்துக்கொண்டு போகும்போது இரேடியம் பேரியத்துடன் சேர்ந்தே வந்தது. இரண்டும் ஆவர்த்தன அட்டவணையின் கூட்டம் II இல் உள்ளவை. பெரிலியம், மகனீசியம், கல்சியம், துரொந்தியம், பேரியம், இரேடியம் என்பதே அந்த வரிசை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இவற்றின் இரசாயனக் குணங்கள் ஒத்திருக்கும். இந்த வரிசை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கிடைத்த அந்தச் சிறிய உப்பு மூன்று அதிசயங்களைச் செய்தது. முதலாவது, இருட்டில் தானாகவே மங்கலாக ஒளிர்ந்தது. இரண்டாவது, சூடாகவே இருந்தது. இரேடியம் ஒரு மணித்தியாலத்தில் தன் எடையை விடச் சற்றுக் கூடுதலான பனிக்கட்டியை உருக்கக்கூடிய வெப்பத்தைத் தருகிறது என்று 1903இல் பியரே கியூரியும் அவரது உதவியாளரும் அளந்து காட்டினர். அடுத்த மணித்தியாலத்திலும் அப்படியே, அடுத்த நாளும் அப்படியே. விறகு இல்லை, எண்ணெய் இல்லை, ஆனால் அடுப்பு அணைவதில்லை என்றால் மனிதர் வியக்காமல் என்ன செய்வார்கள்? மூன்றாவது, அது தோலைச் சுட்டது. 1901இல் ஹென்றி பெக்கரல் இரேடியக் குழாயொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தபோது அவ்விடத்தில் தோல் வெந்து புண்ணாயிற்று. பியரே கியூரி வேண்டுமென்றே தமது கையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். நல்ல தோலை அழிக்குமானால் கெட்ட கட்டியையும் அழிக்குமே என்று வைத்தியர்கள் சிந்தித்தார்கள். புற்றுநோய்க்கான இரேடியச் சிகிச்சை இப்படித்தான் தொடங்கியது. அது பொய்யான நம்பிக்கை அல்ல. உண்மையாகவே பலரைக் காப்பாற்றியது.

மக்கள் அந்த உண்மையிலிருந்து வெகுதூரம் போய்விட்டார்கள் என்பதே சிக்கல். புண்ணை ஆற்றும் பொருள் முதுமையையும் ஆற்றாதா, சோர்வையும் போக்காதா என்று கேட்கத் தொடங்கினார்கள். 1903இல் வில்லியம் குரூக்ஸ் செய்த ஒரு சிறு கருவி, இரேடியத் துணிக்கைகள் திரையில் மோதி மின்மினிபோல் பொரிவதை வில்லையினூடாகக் காட்டியது. அதைப் பணக்காரர் விளையாட்டுப் பொருளாக வாங்கினர். லோயி புல்லர் என்ற நடனக்காரி பாரிசில் இருட்டரங்கில் ஒளிரும் ஆடையுடன் ‘இரேடிய நடனம்’ ஆடினார். 1912 அளவில் அமெரிக்காவில் இரவு முழுவதும் தண்ணீரை ஊறவைத்துக் குடிப்பதற்கென்று கதிர்த்தொழிற்பாடுள்ள குடங்கள் விற்பனைக்கு வந்தன. 1930களில் பிரான்சில் தோரியமும் இரேடியமும் சேர்த்த முகப்பூச்சு வந்தது. அதன் விளம்பரத்தில் கியூரி என்ற பெயருடைய ஒரு வைத்தியரின் பெயர் இருந்தது. மேரி கியூரிக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை! இன்னும் பல பொருட்களில் பெயர் மட்டுமே இரேடியம், உள்ளே இரேடியம் துளியும் கிடையாது. இரேடியத்தின் விலையை அறிந்தால் காரணம் புரியும். 1921இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி மேரி கியூரிக்கு அன்பளிப்பாக வழங்கிய ஒரு கிராம் இரேடியத்தின் விலை ஒரு இலட்சம் டொலர். ஏமாற்றப்பட்டு வெறும் பொருளை வாங்கியவர்களே அதிர்ஷ்டசாலிகள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

குமாரசுவாமியின் கையில் இருந்த சுத்தியல்

இனி நமது நாட்டுக்கு வருவோம். ஆனந்த குமாரசுவாமி என்றதும் உங்களுக்கு நடராசர் சிலை பற்றிய கட்டுரைகளும், 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1877இல் சேர் முத்து குமாரசுவாமியின் மகனாகக் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தது தாவரவியலும் புவிச்சரிதவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குப் பணிப்பாளராக இருந்தார். கையில் சுத்தியலும் தோளில் கற்பையுமாக மலைநாட்டுக் கிராமங்களுக்குள் நடந்தார். கல்லைத் தேடிப் போன இடங்களிற்றான் நெசவாளரையும் பித்தளை வேலைக்காரரையும் சிதைந்துகொண்டிருந்த விகாரைச் சுவரோவியங்களையும் கண்டார். பழைய கட்டடங்களையும் கலைகளையும் அழியவிடாதீர்கள் என்று 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். கலைப் பிரிவு மாணவர்கள் கொண்டாடும் குமாரசுவாமியை உருவாக்கியது விஞ்ஞானப் பிரிவு என்று சொன்னால் பிழையில்லை.

கண்டிக்குக் கிழக்கே அம்பகோட்டைக்கு அருகில் கங்கபிட்டிய என்றோர் இடம் உண்டு. அங்கே கிடைத்த நீல நிறக் கனியமொன்றைக் குமாரசுவாமியும் பிரையர் என்ற ஆங்கிலேயரும் ஆராய்ந்து 1903இல் செரண்டிபைட் என்று பெயரிட்டனர். அரேபியர் நமது நாட்டுக்கு வைத்த செரண்டிப் என்ற பழைய பெயரே அதில் இருக்கிறது. அது கதிர்த்தொழிற்பாடு உள்ளதன்று. நம் கதைக்குரிய கல் அதற்கு அடுத்த வருடம் வந்தது.

சபரகமுவ மாகாணத்தில் பலாங்கொடைக்கு அருகே, இரத்தினக்கல் தோண்டுபவர்கள் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளைப் படையில், சிறு சதுரமுகிகளாகக் கறுப்புக் கற்கள் கிடைத்தன. அளவில் சிறியவை. ஆனால் கையில் எடுத்தால் இரும்பைவிடப் பாரம். குமாரசுவாமி இதனை முதலில் பிச்பிளெண்ட் வகை என்றே கருதினார். அது பிழையான விடை. ஆனால் மாதிரியை லண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவகத்துக்கு அனுப்பினார். அங்கு விண்டம் டன்ஸ்ரனும் அவரது உதவியாளரும் பகுத்துப் பார்த்தபோது, அதில் நூற்றுக்கு எழுபது வீதத்துக்கும் மேல் தோரியம் ஒட்சைட்டு இருந்தது. யுரேனியமும் கணிசமாக இருந்தது. அதற்கு முன் அறியப்படாத கனியம் அது. தோரியனைட் என்று பெயர் சூட்டி 1904இல் உலகுக்கு அறிவித்தனர்.

ஒரு கறுப்புக் கல்லுக்கு லண்டனில் ஏன் அத்தனை வரவேற்பு? உங்கள் வீட்டில் பெற்றோமக்ஸ் விளக்கு இருந்திருந்தால் விடை உங்களுக்குத் தெரியும். அந்த விளக்கில் கட்டும் வலைப்பை, அதாவது ‘மென்டில்’, தோரியம் உப்பில் தோய்த்து எடுக்கப்பட்டதாகும். 1 வீதம் சீரியமும் மிகுதி தோரியமும் சேர்ந்த ஒட்சைட்டுச் சாம்பல்தான் சுவாலையில் அவ்வளவு வெண்மையாக ஒளிர்கிறது. 1996ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் நான் சிறு பிள்ளை. மென்டிலைத் தொட்டால் உதிர்ந்துவிடும் என்று அம்மா திட்டுவார். தோரியம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. (இப்போது வரும் பல மென்டில்களில் தோரியத்துக்குப் பதிலாக இத்திரியம் சேர்க்கிறார்கள். பழையது உடைந்தால் அந்தத் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.) 1904இல் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் இந்த வலைப்பையால்தான் வெளிச்சம் பெற்றன. தோரியச் சந்தை பெரும்பாலும் ஜேர்மனியர் கையில் இருந்தது. ஆகவே தமது குடியேற்ற நாட்டில் எழுபது வீதத் தோரியக் கல் என்றதும் ஆங்கிலேயர் மகிழ்ந்தனர். அத்துடன், யுரேனியம் இருக்கும் இடத்தில் இரேடியமும் இருக்கும். விளக்குக்காரர் தேடியதும் விஞ்ஞானி தேடியதும் ஒரே கல்லில்!

ஆனால் இருப்பு அதிகம் இல்லை. சிறிது காலம் கப்பலேறியது, பின் குறைந்து போயிற்று. நமது கல் பணத்தால் புகழ் பெறவில்லை. அதை வாங்கிய ஒருவரால் புகழ் பெற்றது.

லண்டனிலிருந்து பெர்லின் வரை

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சேர் வில்லியம் றாம்சே தோரியனைட்டைப் பெருமளவில் வாங்கினார். அதைக் கரைத்து இரேடியம் பிரிப்பதே நோக்கம். 1904இல் அவரிடம் ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் படித்தது சேதன இரசாயனம். லண்டனுக்கு வந்தது ஆங்கிலம் பழகிக்கொள்ள. கதிர்த்தொழிற்பாடு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. “அப்படியானால் நல்லது, முன்முடிவு எதுவும் இல்லாமல் வேலை செய்வீர்” என்ற தோரணையில் றாம்சே அவரிடம் நமது கல்லிலிருந்து பெறப்பட்ட 100 கிராம் அளவான பேரியம் உப்பைக் கொடுத்து, அதனுள் உள்ள 10 மில்லிகிராம் இரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார்.

ஹான் பிரித்துக்கொண்டு போகையில், இரேடியத்துக்குப் பொருந்தாத வேறொரு பலமான கதிர்ப்பு அதனுள் இருப்பதைக் கண்டார். 1905இல் அதற்கு இரேடியோதோரியம் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் இத்துறையில் பெயர்பெற்ற போல்ட்வுட் என்பவர் இதை நம்பவில்லை. அறியாமையும் பழைய தோரியம் எக்ஸும் கலந்த கலவை அது என்று கேலி செய்தார். ஹான் சொன்னதே சரி என்று பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பலாங்கொடைச் சரளையிலிருந்து போன கல்தான் ஹானை வாழ்நாள் முழுவதும் இத்துறையில் நிறுத்தியது. 1938இல் யுரேனியக் கருப்பிளவைக் கண்டறிந்தவரும் இதே ஹான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் 1907இல் பெர்லினில் இன்னொன்றைக் கண்டார். தோரியம் நேரே இரேடியோதோரியமாக மாறவில்லை, நடுவில் ஒன்று இருக்கிறது என்பதே அது. ‘நடு’ என்ற பொருள்பட அதற்கு மீசோதோரியம் என்று பெயர். இதை இரேடியத்திலிருந்து இரசாயன முறையில் பிரிக்க எவராலும் முடியவில்லை. ஏன் முடியவில்லை? அது இரேடியமேதான்! அணுவெண் 88 ஆகவே இருக்கும்; திணிவெண் மட்டும் 226க்குப் பதிலாக 228. இத்தகைய அனுபவங்களிலிருந்தே பிரெடெரிக் சொடி 1913இல் சமதானி என்ற எண்ணக்கருவை முன்வைத்தார். “சமதானிகளை இரசாயன முறையால் வேறுபடுத்த முடியாதது ஏன்?” என்ற வினாவுக்கு இதுவே வரலாற்று உதாரணம். நீங்கள் எழுதினால் பரீட்சகர் நிச்சயம் நிமிர்ந்து பார்ப்பார்.

இரேடியம்-228 இன் அரைவாழ்வுக்காலம் சுமார் 5.75 வருடங்கள். அரைவாழ்வு குறைவென்றால் அதே நிறையில் கதிர்ப்பு அதிகம். அத்துடன் விளக்கு வலைப்பைத் தொழிற்சாலைகளின் கழிவிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கலாம். விலையும் மலிவு. ‘ஜேர்மன் இரேடியம்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஹான் கண்டுபிடித்ததில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சந்தை எங்கெல்லாம் போயிற்று என்பதை அடுத்துப் பாருங்கள்.

தூரிகையை உதட்டில் வைத்த பிள்ளைகள்

இரேடியத்துடன் நாக சல்பைட்டைக் கலந்தால் அல்பாத் துணிக்கைகள் மோதி நாக சல்பைட்டு பச்சையாக ஒளிரும். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியில் இருந்த படைவீரருக்கு இருட்டில் நேரம் பார்க்க இந்த வர்ணம் பூசிய கடிகாரங்கள் தேவைப்பட்டன. போர் முடிந்தபின் எல்லோரும் அதை விரும்பினர். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒறேஞ் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையிலும் வேறு இடங்களிலும் இலக்கங்களுக்கு வர்ணம் தீட்டப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். பலர் உங்கள் வயதினர்; பதினைந்து, பதினாறு, பதினெட்டு. தூரிகையின் நுனி விரிந்துவிடும். அதைக் கூராக்க உதட்டில் வைத்து உருட்டும்படி பழக்கினார்கள். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பல முறை. ஒவ்வொரு முறையும் சிறிதளவு வர்ணம் வயிற்றுக்குள் போயிற்று. அந்த வர்ணத்தில் இரேடியத்துடன் மீசோதோரியமும் கலந்திருந்தது.

“தீங்கில்லையா?” என்று அவர்கள் கேட்காமல் இல்லை. இல்லை என்றே சொல்லப்பட்டது. கன்னம் சிவக்கும், உடம்புக்கு நல்லது என்பதுதான் அன்றைய நாளிதழ்களின் பாட்டு. பிள்ளைகள் விருந்துக்குப் போகுமுன் நகத்திலும் பல்லிலும் வர்ணத்தைப் பூசி, இருட்டறையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வேலை முடிந்து தெருவில் போகும்போது அவர்களது தலைமுடியும் உடையும் ஒளிர்ந்தன. அதே கட்டடத்தில் இரேடியத்தைக் கையாண்ட இரசாயனவியலாளரோ ஈயத் தட்டியும் இடுக்கியும் பாவித்தனர். இந்த இடத்தை நான் வகுப்பில் வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்துவிடும்; மறைக்கவில்லை.

முதலில் பல்வலி வந்தது. பல்லைப் பிடுங்கினால் புண் ஆறவில்லை. பின் தாடை எலும்பே உதிர்ந்தது. மொலி மக்கியா என்ற பெண் 1922இல் இறந்தார். 1925இல் ஹரிசன் மார்ட்லன்ட் என்ற வைத்தியர், அப்பெண்களின் எலும்புக்குள் கதிர்த்தொழிற்பாட்டுப் பதார்த்தம் படிந்திருப்பதையும், அவர்கள் வெளிவிடும் மூச்சிற்கூட கதிர்த்தொழிற்பாட்டு வாயு இருப்பதையும் காட்டினார். கிறேஸ் பிறையர் என்பவரும் வேறு நால்வரும் 1927இல் வழக்குத் தொடுத்தனர். வழக்கறிஞர் ஒருவரைத் தேடிக்கொள்ளவே அவருக்கு ஈராண்டு சென்றது. 1928இல் ஆளுக்குப் பத்தாயிரம் டொலரும் வருடாந்தக் கொடுப்பனவும் மருத்துவச் செலவும் என்று சமரசமாயிற்று. தொழிலால் வரும் நோய்க்குத் தொழில் வழங்குநர் பொறுப்பு என்ற எண்ணம் சட்டத்தில் வலுப்பெற்றதற்கு இந்தப் பெண்களின் வழக்குகள் முக்கிய காரணமாகும்.

இப்போது நான் கோடிடச் சொன்ன இடத்துக்குத் திரும்புங்கள். ஏன் எலும்பு? ஏன் தாடை? கூட்டம் II. இரேடியம் கல்சியத்தின் உறவுக்கார மூலகம். உடம்புக்கு இரேடியத்தைத் தெரியாது. கல்சியம் வந்திருக்கிறது என்று எண்ணி அதை எலும்புக்கு அனுப்பிவிடுகிறது. வெளியில் இருக்கும்போது அல்பாத் துணிக்கையை ஒரு தாள் மறித்துவிடும். எலும்புக்குள் இருந்தாலோ அதற்கும் மச்சைக்கும் நடுவில் தாளும் இல்லை, தோலும் இல்லை. குருதிக் கலங்கள் பிறக்கும் இடத்திலேயே அது வருடக்கணக்கில் சுட்டுக்கொண்டிருக்கும். இரேடியம் பேரியத்தைப் போன்றது என்பது 1898இலேயே தெரியும். அப்படிப் பார்த்துத்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். பேரியத்தைப் போன்றதெனில் கல்சியத்தையும் போன்றதே. ஆவர்த்தன அட்டவணையில் விடை கிடந்தது. தொழிற்சாலை வாசலில் அந்த வினாவை எவரும் கேட்கவில்லை.

ஏழைப் பெண்கள் இறந்தபோது அரைகுறையாகக் கேட்ட உலகம், ஒரு பணக்காரர் இறந்தபோது நன்றாகவே கேட்டது. ஈபன் பயர்ஸ் என்பவர் பெயர்பெற்ற கொல்ப் விளையாட்டு வீரர், ஆலை அதிபர். கையில் ஏற்பட்ட வலிக்காக றேடித்தோர் என்னும் போத்தல் நீரைக் குடிக்கத் தொடங்கினார். அதில் இருந்தவை இரேடியம்-226, இரேடியம்-228. ஆயிரத்துக்கும் மேற்பட்ட போத்தல்கள் குடித்தார். தாடையை இழந்து 1932இல் இறந்தார். ஈயப் பெட்டியில் அடக்கம் செய்தனர். அதன்பின் இத்தகைய ‘மருந்துகள்’ மீது அமெரிக்க அரசின் கை இறுகியது. மேரி கியூரியும் 1934 ஜூலை 4ஆம் திகதி, செங்குருதிக் கலங்கள் உற்பத்தியாகாத நோயினால் காலமானார். அவரது ஆய்வுக் கொப்பிகளை இன்றும் ஈயம் பூசிய பெட்டிகளிலேயே பாதுகாக்கிறார்கள்.

கடிகாரத்துக்கு விடை

கொப்பி ஓரத்தில் எழுதியதைப் பாருங்கள். கடிகாரம் ஒளிரவில்லை என்பதால் இரேடியம் முடிந்துவிட்டதா?

1944இலிருந்து இன்றைக்குச் சுமார் 80 வருடங்கள். இரேடியம்-226இன் அரைவாழ்வுக்காலம் 1600 வருடங்கள். 80ஐ 1600ஆல் வகுத்தால் இருபதில் ஒன்று. அதாவது ஒரு முழு அரைவாழ்வின் இருபதில் ஒரு பங்குதான் கழிந்திருக்கிறது. கணக்கிட்டால் 3 அல்லது 4 வீதம் குறைந்திருக்கும். 96 வீதத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. (இரண்டு அரைவாழ்வு கழிந்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதியில் பாதி, அதாவது கால்பங்கு மிஞ்சும். தயவுசெய்து இந்தப் பிழையை இந்த வருடமாவது விட்டுவிடுங்கள்.) களைத்துப் போனது நாக சல்பைட்டுதான். அல்பாத் துணிக்கைகள் ஓயாது மோதி அதன் பளிங்கு கெட்டுப்போய் ஒளிர்வதை நிறுத்திவிட்டது. விளக்கு அணைந்தது. அடுப்பு அணையவில்லை. இரேடியம்-228 கலந்திருந்தால் அது 80 வருடங்களில் பதினான்கு அரைவாழ்வு கடந்து பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

அந்த மாணவியிடம், கடிகாரத்தைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம், கண்ணாடி உடையாமல் ஒரு பெட்டியில் இட்டு, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள் என்று சொன்னேன். கண்ணாடி அல்பாவை மறிக்கும். காமாக் கதிர் சிறிது வரும். பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் தம்பி விளையாடும் இடத்தில் அது கிடக்கக்கூடாது. கட்டுகஸ்தோட்டையிலோ கலஹாவிலோ உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொன்று இருக்கலாம். இன்றைய கடைகளில் வாங்கும் ஒளிரும் கடிகாரங்களைக் குறித்து இந்தப் பயம் வேண்டாம்; அவற்றில் இரேடியம் கிடையாது. தமிழ்நாட்டில் வாகனங்களில் ஒட்டும் பளபளப்புத் தாளை இன்னும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்கிறார்கள். அதிலும் பெயர் மட்டுமே இரேடியம்.

பயன் என்ற பக்கத்துக்கும் ஒரு நல்ல உதாரணம் தருகிறேன். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணுமருத்துவப் பிரிவு உண்டு. இத்தகைய பிரிவுகளில் பரிசோதனைக்குப் பெரும்பாலும் பாவிக்கும் தெக்னீசியம்-99mஇன் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலங்கள் மட்டுமே. வேலையை முடித்துக்கொண்டு விரைவாகத் தணிந்துவிடும். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தொன்று இன்னும் வியப்பானது. ஆண்களின் முன்னிற்குஞ் சுரப்பியில் தோன்றி எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு அதை ஊசியாக ஏற்றுகிறார்கள். அதன் உட்பொருள் இரேடியம்-223. அரைவாழ்வுக்காலம் சுமார் 11 நாட்கள். உடம்பு அதையும் கல்சியம் என்றே எண்ணி எலும்புக்கு அனுப்புகிறது. கிறேஸ் பிறையரின் எலும்பைத் தேடிப் போன அதே பாதைதான். இம்முறை வைத்தியர் அளந்து அனுப்புகிறார்.

இனி நீங்கள் எழுதிப் பார்க்க வேண்டிய வினா:

இரேடியம்-226, இரேடியம்-223 ஆகிய இரண்டும் உடலில் ஒரே இடத்தையே சென்றடைகின்றன. (அ) அதற்குக் காரணம் யாது? (ஆ) 44 நாட்களின் பின் உடலில் மிஞ்சியிருக்கும் இரேடியம்-223 ஆரம்ப அளவின் எத்தனை பங்காகும்? அரைவாழ்வுக்காலம் 11 நாட்கள் எனக் கொள்க. (இ) அதே 44 நாட்களில் இரேடியம்-226இன் அளவில் ஏற்படும் மாற்றத்தை ஒரு வாக்கியத்தில் கூறுக.

(ஆ)வுக்கு ‘பூச்சியம்’ என்று எழுதியவர்கள் கடிகாரப் பகுதியை இன்னொருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.